வானொலியில் வந்த என் மனைவி

எனக்கு ஒரு காலத்தில் மனைவி இருந்தாள். ஒரு வாடகை அறைக்காக நானே உண்டாக்கிக்கொண்டவள். வாடிப்பட்டிக்கும் மதுரைக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றின் நெற்றியில் எழுதியிருந்த பெயரைத்தான் அவளுக்கு வைத்தேன். அந்தப் பெயரில் அவள் வானொலியில்கூட வந்திருக்கிறாள். இவ்வளவையும் செய்தவன் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன், தடித்தடியான நாவல்களாகப் படித்துவிட்டு மனித மனம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போது கிளறக் காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். எண்பதுகளை வாரத்துக்கு ஒரு பொருளாகத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு வாரம் பெல்பாட்டம், ஒரு வாரம் காதை மூடிய தலைமுடி, ஒரு வாரம் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த கொட்டகை. நான் ஒன்று விடாமல் பார்த்தேன். அந்தப் பத்தாண்டில் நானும் இருந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் ஒரே சைக்கிளில் மூன்று பேராகப் போய்க்கொண்டும், திருவிழாவில் தோளில் கைபோட்டு ஆடிக்கொண்டும் திரையில் தெரிந்த அந்தச் சந்தோஷக் கூட்டத்தில் ஒருவரைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாரும் கூடிப் பேசி ஒரு பத்தாண்டைக் கொண்டாடியிருக்கிறார்கள். எனக்குத் தகவல் வரவில்லை.

வானொலி வாரத்துக்கு ஆள் தேடியவர்கள், நகைச்சுவை என்று நம்பி நான் பத்திரிகைகளில் எழுதுவதை எங்கோ பார்த்து என்னைப் பிடித்தார்கள். என் வீட்டுக் கூடத்தில் விளக்குகளை நட்டு, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு பழைய ரேடியோப் பெட்டியை என் பக்கத்தில் வைத்தார்கள். பேட்டி எடுத்த பையன் எண்பதுகளில் பிறந்தே இருக்கமாட்டான்.

"அப்பல்லாம் லைஃப் எவ்ளோ சிம்பிள், இல்ல சார்?" என்று ஆரம்பித்தான்.

"ரொம்ப சிம்பிள். வீடு மட்டும் கிடைக்காது" என்றேன்.

கல்யாணமாகாதவனுக்கு வீடு கொடுப்பதில்லை என்பது அன்றைய மதுரையில் எழுதாத சட்டம். எண்பதுகளின் தொடக்கத்தில் பழங்காநத்தத்தில் ஓர் உரக்கடையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. ஊர் வாடிப்பட்டிப் பக்கம். தினமும் பேருந்தில் வந்துபோனால் நாவல் படிக்கத் தெம்பு இருக்காது என்று அறை தேடினேன். கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியாக ஒரு மில் தொழிலாளியின் வீடு. மாடியில் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

"ஃபேமிலியா தம்பி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாண்ணே. அவ பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கா" என்றேன். மனைவி மட்டும் போதுமாயிருந்தது. பதற்றத்தில் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் அதோடு விட்டுவிட்டார். அவர் மனைவி விடவில்லை. நல்ல மனம் கொண்ட பெண்மணி. நல்ல மனம் கொண்டவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். எத்தனையாவது மாதம், கால் வீங்குதா, புளிப்பு கேக்குதா? ஒரு பிரம்மச்சாரிக்குத் தெரிய நியாயமில்லாத விஷயங்களை எல்லாம் நான் யோசித்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு நாள் கேட்டார்: "லெட்டரு கிட்டரு ஒன்னும் வரக் காணமே தம்பி? சண்டையா?"

அங்கேதான் வானொலி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தமிழ் வானொலியை அறியாத வீடு அன்று தென்மாவட்டங்களில் கிடையாது. ஓர் அஞ்சலட்டையில் பிடித்த பாட்டை எழுதி, கீழே கேட்பவர்கள் பெயரை எழுதிப் போட்டால், அந்த அழகான குரல் பாட்டுக்கு முன்னால் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். ஊர் பெயர், அப்பா, அம்மா, அக்கா, மாமா, கைக்குழந்தை வரை. சில குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் பாட்டைவிட நீளம். வீட்டுக்காரம்மா அதன் பரம ரசிகை. என் பெயரும் மனைவி பெயரும் அதில் சேர்ந்து வந்துவிட்டால் அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? அட்டையில் இரண்டு பெயர் மட்டும் எழுதினால் வெறிச்சென்று இருந்தது. 'மற்றும் குடும்பத்தினர்' என்று சேர்த்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பெயர் வந்தது. நான் மாடியில் மெஸ் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். கீழே வீட்டு ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. "மதுரை பழங்காநத்தத்திலிருந்து..." என்று ஆரம்பித்து என் பெயர், அவள் பெயர், நிதானமாக, ஒவ்வோர் எழுத்துக்கும் மரியாதை கொடுத்து அந்தக் குரல் வாசித்தது. கீழே வீட்டுக்காரம்மா கைதட்டிக் கூப்பிட்டார். "தம்பி! தம்பி! ஒங்க பேரு வருது! வீட்டம்மா பேரும் வருது!"

எழுந்து போயிருக்கவேண்டும். முடியவில்லை. 'மற்றும் குடும்பத்தினர்' என்று அந்தக் குரல் சொன்னபோது நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். கொடியில் என் சட்டை, மூலையில் பானை, சாம்பார் கசிந்த பொட்டலம். இதைப் பேட்டியில் சொல்லவில்லை. அந்தப் பையன் அடுத்த கேள்வியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் நிறைய அட்டைகள் போட்டேன். வீட்டுக்காரர் நம்புவதற்கு ஒன்றே போதும். மற்றதெல்லாம் எனக்காக.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் எனக்கு நிஜமாகவே பெண் பார்த்தார்கள். வாடிப்பட்டியிலிருந்து உள்ளே ஒரு கிராமம், நெல்லும் தென்னையும் உள்ள குடும்பம். அப்பா, அம்மா, அக்கா, நான் நான்கு பேரும் போனோம். பெண் காப்பி கொடுத்துவிட்டு நிலைப்படி ஓரமாக நின்றாள். எங்களைப் பேசச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் பேசாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த நாவல்கள் ஒன்றுமே கைகொடுக்கவில்லை.

"ரேடியோ கேப்பீங்களா?" என்றேன்.

"கரண்டு இருந்தா கேப்பேன்" என்றாள்.

அந்தப் பதிலை நான் எவ்வளவு காலம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதில் கிண்டல் இருந்தது என்று ஒரு நாள் தோன்றும், கனிவு இருந்தது என்று மறுநாள் தோன்றும். கரண்டு பற்றிய தகவலாக மட்டும் அது இருக்கக்கூடும் என்று ஒருபோதும் தோன்றவில்லை. அவளோடுதான் வாழவேண்டும் என்று திரும்பி வரும் பேருந்திலேயே முடிவுசெய்துவிட்டேன். அன்றோடு அட்டை போடுவதையும் நிறுத்தினேன். பேருந்துப் பெயர்க்காரிக்கு ஏதோ துரோகம் செய்வதுபோலக் கொஞ்சம் உறுத்தக்கூடச் செய்தது.

பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை குடியிருக்கும் தெருவில் வந்து விசாரிப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் எப்படி மறந்தேன் என்பதற்குத்தான் இன்றுவரை விளக்கம் இல்லை. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வெள்ளை வேட்டி கட்டுன ரெண்டு பேரு வந்தாக. ஒங்களப் பத்தித்தான் துருவித் துருவிக் கேட்டாக. ஒங்க கடை மொதலாளி வேவு பாக்க அனுப்புன ஆளுகளோன்னு நெனச்சேன். விடுவேனா? நல்லா எடுத்துச் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"தங்கமான புள்ளன்னேன். பொண்டாட்டி மேல உசுரு, ரேடியோவுலகூட ரெண்டு பேரும் சேந்துதேன் பாட்டுக் கேப்பாக, பேறுகாலம் முடிஞ்சு இந்தா வந்துருவான்னு சொன்னேன். மூஞ்சியப் பாக்கணுமே தம்பி, அசந்துட்டாக."

நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

ஊருக்குப் போய் நடந்ததைச் சொல்லத் துணிச்சல் இல்லை. பத்து நாள் போல ஆகியிருக்கும், அப்பா கடைக்கு வந்தார். உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சோலி வேணாம்ப்பா. ஜாதகம் சேரல" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினேன். ஜாதகம் பார்த்து முடித்த பிறகுதான் பெண் பார்க்கவே போனோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த அறையில் அதன் பிறகு இருக்க முடியவில்லை. மனைவி குழந்தையோடு வருகிறாள், பெரிய வீடாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக் காலி செய்தேன். வீட்டுக்காரம்மா கண் கலங்கினார். தானே பின்னிய ஒரு சின்னக் கம்பளிக் குல்லாயைக் கையில் கொடுத்தார். மதுரை வெயிலில் கம்பளிக் குல்லாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வில்லாபுரத்தில் ஆண்கள் மட்டும் தங்கும் ஒரு கட்டடத்துக்குப் போனேன். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிறகும் ஓரிரண்டு வரன்கள் வந்தன. நான் பிடி கொடுக்கவில்லை. ஒரு வானொலி என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்ற எண்ணம் உள்ளுக்குள் எனக்கு ஒருவகைக் கௌரவமாக இருந்தது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, இத்தனை வருடத்தையும் அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

பேட்டியில் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பினார்கள். பிரசவப் பொய்க்கு 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தார்கள். பெண் பார்த்த இடத்தில் வயலின் சேர்த்திருந்தார்கள். கடைசியில் அந்தப் பையன் காமிராவைப் பார்த்து, ஒரு நிறைவேறாத காதலின் கதை என்றான். நானே ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். தொலைக்காட்சியை அணைத்த பிறகு வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

வாடிப்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். குடும்பத்தில் ஒருவருக்கும் நான் இந்தக் கதையைச் சொன்னதில்லை. தொலைக்காட்சியில்தான் அவளும் கேட்டிருக்கிறாள்.

"ஏன்டா, இம்புட்டு வருசமா அப்படியா நெனச்சுக்கிட்டிருந்த?"

"வேற எப்படி நெனைக்க? அவங்க வந்து விசாரிச்சாங்கள்ல?"

"விசாரிச்சாக. அங்கன விசாரிச்ச கையோட நேரா நம்ம வீட்டுக்குத்தேன் வந்தாக. அப்பாவும் ரூமுக்காகச் சொன்ன பொய்யாத்தேன் இருக்கும்னு ஒடைச்சுச் சொல்லிட்டாரு. அவுக விழுந்து விழுந்து சிரிச்சாகடா. டவுனுல வீடு கெடைக்கணும்னா நாங்களும் அப்படித்தேன் சொல்லியிருப்போம்னு சொல்லி, காப்பி குடிச்சுட்டுத்தேன் போனாக."

"அப்புறம் ஏன் வேண்டான்னாங்க?"

"அவுக எங்க வேண்டான்னாக? அந்தப் புள்ளைக்குத்தேன் ஒன்னையப் புடிக்கல. பாத்த அன்னைக்கே சொல்லிருச்சாம், பெரியவுகதேன் மனசு மாறும்னு விசாரிக்க வந்துருக்காக. அத எப்படிடா ஒங்கிட்டச் சொல்றது, அதேன் அப்பா ஜாதகம்னாரு." அதே மூச்சில் அக்கா தொடர்ந்தாள்: "சரி, அம்புட்டுப் பேரு பாக்குற டிவியில போயி உக்காந்திருக்க, இஸ்திரி போட்ட சட்டை ஒன்னுகூடவா இல்ல ஒங்கிட்ட?"