"சாயங்காலம் வா" என்ற ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை, ஹார்ட் அட்டாக்... இன்று மதியம் அடக்கம்.

விவேக் நகரில் நான் போகும் நரம்பு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் இல்லை. ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு போன்... அவ்வளவுதான்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது.

நாலு வருடத்துக்கு முன்னால், சாயங்காலமானால் எனக்கு இமை தானாக இறங்கும். பேச்சு மூக்கால் வரும். சப்பாத்தியை மெல்ல முடியாமல் தாடை நின்றுவிடும்.

வைட்ஃபீல்ட் ஆபீஸில் ஆறு மணி வீடியோ கால். மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே "ஆர் யூ ட்ரங்க்?" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், எனக்கே புத்தி பிசகிவிட்டதோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

மூன்று டாக்டர், இரண்டு ஸ்கேன். எல்லாம் நார்மல், ஸ்ட்ரெஸ்தான் என்றார்கள். அத்தை ஒருத்தி, "கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாப் பூடும்" என்றாள். அவளுக்கு எல்லா நோய்க்கும் அதே மருந்து!

அடுகோடியில் இருக்கும் எங்கள் வீட்டில் டாக்டரிடம் போவதென்றால் காலையில் எழுந்து, குளித்து, முதல் டோக்கன் வாங்கியாக வேண்டும். நானும் அப்படியே போனேன், நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு. கையைத் தூக்கு என்றால் தூக்கினேன். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன்.

இந்தக் கிளினிக்கிலும் இரண்டு முறை அப்படித்தான். மூன்றாவது முறை ஸ்டெல்லா அக்கா டோக்கன் தர மாட்டேன் என்றார்.

"காலைல வேணாம்மா. சாயங்காலம் வா, கடைசி டோக்கன் தரேன். நேத்து சாயங்காலம் போன்ல நீ பேசுனது ஒண்ணுமே புரியல. இப்ப பாரு, எப்டி கணீர்னு கத்துற!"

லீவு போட்டுவிட்டு வந்தவள் நான். "உங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க டாக்டரா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் அசரவில்லை. "பேடா, வேணாம் கண்ணு, டென்ஷன் ஆவாத. நீ நல்லா இருக்கற நேரத்துலயே டாக்டர் உன்ன பாத்துனு இருக்காரு."

சாயங்காலம் போனேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே போகும்போது வலது கண் பாதி மூடியிருந்தது. "டாக்டர்" என்ற சொல்கூட ஒழுங்காக வரவில்லை.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐஸ் இருக்கா?"

கிளினிக்கில் ஏது ஐஸ்... அக்கா எதிர் ஜூஸ் கடைக்கு ஓடி, ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு எடுத்து வந்தார். இரண்டு நிமிடம் இமைமேல் வைத்திருந்துவிட்டு எடுத்தார் டாக்டர்.

"ஏசுவே, தெறந்துகிச்சு டாக்டர்!" கத்தியது நானல்ல, அக்கா.

அப்புறம் ரத்த டெஸ்ட், நரம்பு டெஸ்ட். மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் நம் உடம்பே நடுவில் நின்று தடுக்கும் நோய். பேசப் பேசத் தசை களைத்துப்போகும்; குளிர் பட்டால் கொஞ்ச நேரம் தேறும், அதற்குத்தான் ஐஸ். அபூர்வமானது, ஆனால் மருந்து உண்டு. பெயர் தெரிந்த அன்று சந்தோஷத்தில் அழுத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நடுவில் ஒருமுறை மூச்சுத் திணறி ஐசியூ வரை போனேன். அதுவும் உண்டு. ஆனால் இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. இந்த நோய் என்று தெரிந்து பயந்துபோய் வெளியே வருகிறவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்துவிடுவார். நான் கோபித்துக்கொண்டால், "பேசேன், உனக்கு இன்னா கொறஞ்சு பூடும்?" என்பார்.

இன்று அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு போன். போன வாரம் அக்கா என் நம்பரைக் கொடுத்த பெண். பேச்சு குழறியது.

"சாரிக்கா... சாயங்காலத்துல கூப்டுட்டேன். உங்களால பேச முடியுமா?"

"மணி ஏழாவுதும்மா. என் கொரல் எப்டி கேக்குது?"



"நல்லா கேக்குதுக்கா..." அழுகிறாள் என்று தெரிந்தது.

ஒரு மணி நேரம் பேசினோம். அக்கா இல்லை என்பதை இன்று அவளிடம் சொல்லவில்லை.

போய்ட்டு வாங்க ஸ்டெல்லா அக்கா. அந்தப் பொண்ணுகிட்ட பேசிட்டேன்.