நான்கு நொடிக் கோலம்

மந்தைவெளி கிருஷ்ணமூர்த்தியை அறுபத்தெட்டு வயதிலும் கிச்சா என்றுதான் தெருவே கூப்பிடுகிறது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா. எதையும் தானே கழற்றி மாட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் அவர் கைபட்டுப் பிழைத்தவை. பிழைக்காதவை பரண்மேல் இருக்கின்றன.

அவருடைய கம்ப்யூட்டருக்குப் பதினாலு வயது. பொத்தானை அழுத்தியதும், கம்பெனிப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மார்கழிக் கோலம் நான்கு நொடி வரும். மனைவி ஜெயலக்ஷ்மி வாசலில் போட்டது. வாங்கின புதிதில் கிச்சாவே ஏற்றிவைத்த படம். எடுத்த கேமராவைப் பிறகு பஸ்ஸில் தொலைத்துவிட்டார். ஜெயலக்ஷ்மியும் போய் ஆறு வருஷம். தினமும்தான் வருகிறதே என்று அதைப் போனில் படமெடுத்து வைக்க அவருக்குத் தோன்றவேயில்லை.

இந்த வருஷம் பெட்டி அடுப்பாய்ச் சுட்டது. இதுவும் போய்விடுமோ என்று பயந்து, பெரிய ஃபேன் ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் தானே மாட்டினார். அன்று சரஸ்வதி பூஜை. புது ஃபேனுக்குச் சந்தனம் குங்குமம் இடாமல் இருக்கலாமா? சந்தனத்தில் பன்னீர் தாராளமாகவே விழுந்துவிட்டது. மறுநாள் விஜயதசமி, புனர்பூஜை முடித்துப் பொத்தானை அழுத்தினார். 'பட்' என்று ஒரு சத்தம், கற்பூரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு புகை. ஜெயா இருந்திருந்தால் ஒரு பொட்டோடு கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள்.

லஸ் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் போர்டு ரிப்பேர் பார்க்கும் மெஹபூப் அலி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னா சார், கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?"

"பூஜை பாய். அசடு மாதிரி பண்ணிட்டேன்."

"சந்தனம் கீழ எறங்கி ஷார்ட் ஆயிக்கீது. வேற போர்டு போட்டுக்க சார். உன் பைலு எல்லாம் டிஸ்க்ல பத்திரமா கீது."

"கோலம் டிஸ்க்ல இல்லை பாய், இந்த போர்டுலதான் இருக்கு." கிச்சா போர்டைத் தொட்டுக் காட்டினார். "எங்காத்துல அவ போட்டது. வேற எங்கேயும் இல்லை."

மெஹபூப் அலி நகக்கண் அளவு சிப் ஒன்றைக் காட்டினார். "உன் படம் இதுக்குள்ளதான் கீது. இது கெட்டிருந்தா புதுசா எழுதிடலாம், போர்டு ஓடும். கோலம் வராது."

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அது இதுதான் என்று கிச்சா தன்னையே நொந்துகொண்டு, பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பினார். இரண்டு நாள் சாப்பாடு பிடிக்கவில்லை.

அலி பல்துலக்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாகச் சந்தனத்தைச் சுரண்டியெடுத்து, கருகிப்போன இரண்டு கப்பாசிட்டர்களை மாற்றியிருந்தார். மூன்றாம் நாள் கிச்சாவை வரச்சொல்லி, போனைத் தயாராகப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

கறுப்புத் திரையில் கோலம் வந்தது. நடுவில் பூசணிப்பூ. கிச்சா பார்த்துக்கொண்டே நின்றார்; நான்கு நொடி போய்விட்டது.

"எடுத்தியா சார்?"

"இன்னொரு தடவை போடுங்கோ பாய்."

இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை அலியே போனை வாங்கி எடுத்தார். கோலம் தெளிவாக விழுந்திருந்தது. கடையின் பழைய கண்ணாடித் திரையில் கிச்சாவின் முகமும், பூசணிப்பூவுக்குப் பக்கத்தில், மங்கலாக விழுந்திருந்தது.

"உன் மூஞ்சியும் வந்துச்சு சார். வேற எடுக்கவா?"

"வேண்டாம் பாய்," என்றார் கிச்சா. "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கட்டும்."