முகாம் வேலிக்கு மேற்கே நூறு அடி

யுத்த காலத்தில் திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் நான் தாவரவியல் படிப்பித்தேன். செடிகளை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. செடிகளின் பிரேதங்களைத்தான் தெரியும்: பத்திரிகைத் தாளுக்குள் நசுக்கி, உலர்த்தி, மட்டையில் ஒட்டிப் பெயர் எழுதியவை.

அவற்றைப் பார்த்துப் படம் வரைபவன் எங்கள் சித்திர வாத்தியார்.

"நீ கொல்லுறாய் மச்சான், நான் உயிர் குடுக்கிறன். இதில எதடா உண்மையான செடி?"

"தத்துவம் கதைக்காமல் செடித்தாள் கட்டைத் தூக்கு."

அன்று கட்டைபறிச்சான் பக்கம் செடி பிடுங்கிவிட்டு, மூதூர் லோஞ்சுப் படகில் திரும்பி வந்தோம். இறங்குதுறை இராணுவச் சோதனைச் சாவடியில் எங்கள் தாள் கட்டை அவிழ்த்தார்கள். குண்டு இருக்கவில்லை. அதைவிட மோசமாக என் கையெழுத்து இருந்தது. எடுத்த இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஒரு தாளில் எழுதியிருந்தேன்: "முகாம் வேலிக்கு மேற்கே நூறு அடி."

அங்கிருந்த அதிகாரி தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். துவக்குப் பிடி என் வாயில் இறங்கியது. இரண்டு பல்லைத் துப்பினேன்.

"செடி மாஸ்டரா?" காவலரணருகே மஞ்சளாய்ப் பூத்து நின்றதில் ஒரு கொப்பை முறித்து நீட்டினார். "இது என்ன? தெரியாட்டி ரெண்டு பேரும் ட்ரக்கில."

ட்ரக்கில் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. எனக்கோ காய்ந்து கபில நிறமான பூக்களைத்தான் பழக்கம்.

"கொன்றை," என்றேன்.

சித்திர வாத்தியார் பதறிப்போய் வாயைத் திறந்தான். "உன்னைக் கேட்கேல்ல," என்று அவன் வலது கையைச் சீமெந்தில் வைத்து இடித்தார்கள். விரல்கள் சுள்ளிபோல முறிந்தன.

என்னையும் விழுத்தி மிதித்தார்கள். மிதித்த சப்பாத்து அந்தக் கொப்பையும் மிதித்தது. கன்னம் தரையில், கண்ணுக்கு நேரே அது நசுங்கி, தட்டையாகி, நிறம் கெட்டுக் கிடந்தது. பத்து வருடமாக என் அலுமாரியில் கிடக்கும் முகம்.

"ஆவாரை, ஐயா. உங்கட சிங்களத்தில ரணவரா."

"நாங்க தேத்தண்ணிக்குப் போடுறது," என்று சிரித்தார். "மாஸ்டருக்குத் தெரியேல்ல." போகவிட்டார்.

வெட்கமில்லாமல் கொப்பையும் பொறுக்கிக்கொண்டு வந்தனான்.

அதை ஒட்டும்போது அவனும் பக்கத்தில் இருந்தான், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி. பூவின் நிறம் போய்விடும் என்பதால் அதை எழுதத் தாளில் ஒரு கட்டம் உண்டு.

"நிறத்தை நான் எழுதுறன். உன்னை நம்ப ஏலாது."

இடது கையால் 'மஞ்சள்' என்று எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது அவனுக்கு.

இடத்துக்கான கட்டம் என்னுடையது. அதை நான் இன்னும் நிரப்பவில்லை.