பின்னால் வந்த சுஜாதா

இது நடந்தது. எனக்கே நடந்தது. போன ஜனவரியில், இதே டெல்லியில். கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் லீலாவதி. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருக்கிறேன். ஆபீஸுக்கும் சமையலுக்கும் நடுவே, நாற்பது வயதில் ஓட ஆரம்பித்தவள். தமிழ் ஆட்கள் எட்டுப் பேர் சேர்ந்த ஓட்டக் குழு எங்களுடையது. காட்டுப் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓடுவோம். கால் நகம் பெயரும், வாந்தி வரும். ஒருத்தர் விழுந்தால் இன்னொருத்தர் தூக்கிவிடுவார். இவர்கள் எனக்காக உயிரையே கொடுப்பார்கள் என்று நம்பினேன். நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்!

குழுவில் ஒரு விதி உண்டு. கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால் காவலாக ஒருத்தர் வருவார். அவரை ஸ்வீப்பர் என்போம். என்ன ஆனாலும் அவர் கடைசி ஆளைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. இருட்டில் கடைசி ஆள் "இருக்கியா?" என்று கேட்டால், ஸ்வீப்பர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அன்று கடைசி ஆள் நான். ஸ்வீப்பர் சுஜாதா. குழுவில் எனக்கு ரொம்ப நெருக்கமானவள்.

"எனக்கு இருட்டுன்னா உதறும்டி. விட்டுட்டுப் போயிடாதே."

"அச்சா பாபா, உன் முதுகுக்குப் பின்னாடியேதான் வருவேன். நீ ஓடு."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கிளம்பினேன்.

அதிகாலை மூன்று மணி. டெல்லிக்குத் தெற்கே ஆரவல்லிக் காடு. பழைய கல் குவாரிப் பள்ளங்கள் நிறைந்த இடம். போனில் சிக்னல் கிடையாது. மூடுபனியில் நெற்றி விளக்கின் வெளிச்சம் நாலு அடிக்கு மேல் போகவில்லை. குழுத் தலைவர் கதிரவன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் விளக்குகள் மறைந்துவிட்டன.

"இருக்கியா?"

"இருக்கேன்."

பின்னால் சரளைக் கல்லில் காலடிச் சத்தம். சரக்... சரக்... எனக்கு நிம்மதி.

மணி 4:10. ஷூ லேஸ் அவிழ்ந்தது. குனிந்து கட்டினேன். பின்னால் காலடிச் சத்தம் நிற்கவில்லை. ஓடி வந்துகொண்டே இருந்தது. ஆனால் என்னை நெருங்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். சுஜாதாவின் விளக்கு தெரியவில்லை.

"லைட் என்னடி ஆச்சு?"

"இருக்கேன்."

"பேட்டரி போயிடுச்சா?"

"இருக்கேன்."

குளிரில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சுஜாதா சரியான வாயாடி. ஓடும்போதுகூட வாய் மூட மாட்டாள்.

மணி 5:25. மறுபடி கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. வாயைத்தான் திறந்தேன்.

"இருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். சத்தமும் ஓடி வந்தது. சரக் சரக் சரக்...

நின்றுபோனது.

"சுஜாதா... இருக்கியா?"

பதில் வந்தது.

முன்னாலிருந்து.

"இருக்கேன். வா."

ஸ்வீப்பர் முன்னால் போகவே மாட்டாள்!

"வா..."

விளக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

பிறகு அது என்னைக் கேட்டது.

"இருக்கியா?"

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இருக்கியா?"

இப்போது அது சுஜாதாவின் குரல் இல்லை. யாரோ அழுதார்கள்.

"இருக்கியா...?"

வெளுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

7:15க்குப் பனி கொஞ்சம் விலகியது. எனக்கு முன்னால் மூன்று அடி. அதற்கப்புறம் தரை இல்லை. குவாரிப் பள்ளம்.

ஆடு ஓட்டி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கைத்தடியை நீட்டி என்னை எழுப்பினார். கார்கள் நின்ற இடம்வரை கூடவே வந்தார். அங்கே மொத்தக் குழுவும் பராத்தா தின்றுகொண்டிருந்தது. பனி அதிகம் என்று ஐந்து மணிக்கே ஓட்டத்தை நிறுத்தி, வேறு பாதையில் திரும்பிவிட்டார்களாம். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டதாகச் சுஜாதா அவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு காருக்குள் இருந்தாள்.

"எப்போ திரும்பினே?"

"நாலு மணிக்குடி. குளிர் தாங்கல. நீ எப்படியும் வந்துடுவேன்னு..."

நாலு மணிக்கு! பளாரென்று அறைந்திருப்பேன். போர்வையைப் பிடுங்கி எறிவதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தியில் கேட்டார்.

"இது என்ன பாஷைம்மா?"

"தமிழ்."

"அப்போ 'இருக்கியா'ன்னா என்ன? போன குளிர்காலத்துல ஒரு பொண்ணு அந்தப் பள்ளத்துல விழுந்துட்டா. விடியறவரை அதையேதான் கத்தினா. எங்க ஊர்ல பேய்னு பயந்து யாரும் போகல. காலைல போய்ப் பார்த்தா உயிர் இல்ல."

நான் குழுவில் சேர்வதற்கு முன்னால் ஸ்நேகா என்று ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாளாம். தனியாகக் காட்டுக்குப் போய் விழுந்துவிட்டாள் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

கதிரவனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்.

"அன்னிக்கும் சுஜாதாதான் ஸ்வீப்பர்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! அவளுக்கு முன்னால் கடைசியாக ஓட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. அதனால்தான் புதிதாக வந்த என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கதிரவன் கையிலிருந்த பராத்தாவைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா, லீலாவதி?"