மாமியார் ஏற்ற விரதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் நீர்வேலியில் ஒரு வீட்டுப் படலையிலேயே என்னை மறித்துவிட்டார்கள். நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைஃபாகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை.

"இஞ்சை ஒருத்தியும் பிள்ளைத்தாச்சி இல்லை. நீர் என்னத்துக்கு வந்தனீர்?" என்று கேட்டவர் வீட்டுக்காரி செல்லம்மா.

"பிள்ளைத்தாச்சி ஆக முந்தியும் எனக்கு வேலை இருக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். வயிற்றுநோ தொடங்கிய பிறகுதான் மிட்வைஃபைத் தேடவேண்டும் என்பது அன்றைய ஊரின் எண்ணம்.

செல்லம்மாவின் மருமகள் நாகம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது பேற்றில் இரத்தம் கொட்டியபோது பக்கத்தில் நின்றவள் நான். அதே உடம்போடு இன்னொன்று தரித்தால் அவளே போய்விடுவாள் என்று உண்மையாகவே பயந்தேன். மாமியாரோ பிள்ளை வரம் வேண்டி அவளைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கு வெள்ளி விரதம், இடையிடையே கீரிமலைத் தீர்த்தத்தில் முழுக்கு, வீட்டுக்கு வந்தால் வாழைத்தோட்டத்தில் வெறுங்காலோடு வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறும் வேலை.

அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன். துளி சிவப்பில்லை. கொழுக்கிப்புழு! ஈரமண்ணிலிருந்து காலால் ஏறி, குடலில் இருந்து இரத்தம் குடிக்கிற சனியன். டொக்டரும் சோதித்து அதையே சொன்னார். பூச்சி மருந்து கடுமையானது, வயிற்றில் பிள்ளை இருந்தால் கொடுக்கமுடியாது. இப்போதே கொடுத்து, இரத்தம் ஊறிய பிறகுதான் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம்.

"விரதத்தை விட்டால் முருகன் கண் திறப்பானே? உமக்கென்ன விசரே?" என்று செல்லம்மா பாய்ந்தார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விரதத்தை விடச் சொல்லேல்லை. நீங்கள் பிடியுங்கோ! பேரப்பிள்ளை உங்களுக்கும்தானே? அவள் சாப்பிடட்டும்."

மனுசி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஏலாதெண்டு நினைக்கிறீரோ?" என்றார். அடுத்த வெள்ளியே தொடங்கிவிட்டார்.

நீரும் பூச்சி மருந்து குடிக்கவேண்டும் என்றதும் நாகம்மாவின் கணவன் சின்னையா வேறு நழுவப் பார்த்தான். "பெறப்போறது அவளெல்லோ, எனக்கேன் மருந்து?"

"தோட்டத்துக்கை குந்துறது நீர்தானே? அதிலையிருந்துதான் புழு மண்ணுக்குப் போகுது. நீர் குடிக்காட்டி அவளுக்குத் திரும்பவும் வரும். மருந்தையும் குடியும், கக்கூசுக் கிடங்கும் வெட்டும்" என்றேன். முகத்தைச் சுளித்தாலும் இரண்டையும் செய்தான்.

பூச்சி மருந்து குடித்து முடித்த நாகம்மாவுக்கு டொக்டரின் இரும்புச்சத்து மிக்ஸ்சர் மருந்தோடு முருங்கையிலை, குரக்கன் பிட்டு, ஆட்டுப்பால். முன்னர் பட்டினி போட்ட அதே மாமியார் இப்போது பக்கத்தில் இருந்து தட்டை நிரப்பினார். "தின்னடி பிள்ளை, நான் கிடக்கிற பட்டினிக்கும் சேத்துத் தின்!"

கீழிமை சிவந்தது. அதன் பிறகுதான் அவள் கர்ப்பமானாள். பேற்றன்று இரத்தம் அளவோடு நின்றது. பொடியன் வீடு அதிரக் கத்தினான், நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

"என்ரை விரதத்திலை வந்த பிள்ளை" என்று செல்லம்மா ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தார். மிக்ஸ்சர் குடித்துக் குடித்து நாகம்மாவின் பல் கறுத்ததை யார் கண்டார்கள்? எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இளம் மிட்வைஃப்மாருக்கும் அதைத்தான் சொல்வேன்: பெயரை யாரும் எடுத்துக்கொண்டு போகட்டும், தாய் பிழைத்தால் சரி.

பின்னர் செல்லம்மாவின் இளைய மகனுக்குக் கலியாணம் நடந்தது. தாலியின் மஞ்சள் மாறாத அந்தப் பெட்டையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மனுசி கிளினிக்குக்கு வந்துவிட்டார்.

"வயித்திலை இன்னும் ஒண்டுமில்லை மிசி. அதுதான் இப்பவே கூட்டிக்கொண்டு வந்தனான். இவளின்ரை கண்ணை இழுத்துப் பாருங்கோ. விரதத்தை நான் பாக்கிறன்."