ரெண்டு வெட்டு

குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டும் அந்த ஆளுக்கு 'ரெண்டு வெட்டு' என்று பெயர். மனைவியைப் படுக்கையிலேயே பாம்பு கடித்துப் பறிகொடுத்த நாளிலிருந்து, மண்ணில் எது நெளிந்தாலும் விடமாட்டார். மழை பெய்தால் ஈர மண்ணிலிருந்து ஒரு கரும்பாம்பு வெளியே வரும். ஒரு சாண் இருக்கும். ஒரு முனை மொட்டை, மறுமுனை கூர். மொட்டை முனைக்கு முதல் வெட்டு. மிச்சம் நகரும். "ரெண்டு பக்கமும் தலை வச்சிருக்கு, திருட்டுப்பய," என்று இன்னொரு வெட்டு.

அவரை நல்லவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வெட்டியதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

ஒருநாள் ஆராய்ச்சிக்காரப் பெண்மணி ஒருத்தி அந்தப் பாம்பின் படத்தோடு வந்தாள். "நாப்பது வருஷமா இதை யாரும் பாத்ததில்லைங்க."

"போன வாரம்கூடப் பாத்தேனே."

"எங்கே?"

"மண்வெட்டிக்கு அடியில."

அவள் சிரிக்கவில்லை. மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கு விஷமே கிடையாது. மண்புழு தின்னும், அவ்வளவுதான். அது அழிஞ்சு போகலைன்னு காட்ட உயிரோட ஒண்ணு வேணும்."

"கடிக்கவே கடிக்காதா?"

"கடிக்காது."

அன்று அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. அவள் கிளம்பும்போது, "ஒண்ணு உசிரோட தரேம்மா," என்றார்.

மூன்று மழை வீணாயிற்று. நாலாவது மழையில் மச்சான் தோண்டிய பக்கம் ஒன்று வந்தது. மச்சான் என்றால் செத்தவளின் தம்பி.

"தொடாதடா!"

"எங்கக்காவை முழுங்கின ஜாதி, மாமா!"

"இது அது இல்லடா!"

மச்சான் கேட்கவில்லை. இவர் அவன் தாடையில் ஓங்கிக் குத்தினார். பல் தெறித்தது. அவன் முழங்காலால் இவர் வயிற்றில் இடித்தான். இருவரும் சேற்றில் புரண்டார்கள். முதலில் எழுந்தவன் மச்சான். மொட்டை முனைக்குக் குறிவைத்து மண்வெட்டியை இறக்கினான். இவர் காலை நீட்டினார்.

இரண்டு கால்விரல்கள் சேற்றில் கிடந்தன. மச்சான் ரத்தம் வடியும் வாயோடு அழுதான். "தலையைத்தானே பாத்து வெட்டினேன், மாமா..."

"அது வாலுடா, அந்தம்மா படத்துல பாத்தேன். நானும் இத்தனை வருஷமா முதல்ல வாலைத்தான் வெட்டியிருக்கேன்."

பாம்பைக் கையால் அள்ளி, ஈர மண்ணோடு சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்தார். மச்சான் துண்டைக் கிழித்துக் காலைக் கட்ட வந்தான்.

"அது கிடக்கட்டும். முதல்ல ஆணி எடுத்து மூடியில ஓட்டை போடு. அதுக்கு மூச்சு முட்டும்."