வாளைப் பிடித்திருந்த ஆணி

அது தகர வாள்தான். பிடிக்கு மட்டும் பித்தளைப் பூச்சு. துபாயில், தேரா பகுதியில் நான் பாத்திரம் கழுவிய ஓட்டலின் வாசலில், இடுப்பு உயரப் பாறை ஒன்றில் சாய்வாகச் செருகி நின்றது. அதற்கு மேலே போர்டில், கிரீடம் வைத்த பொரித்த கோழி ஒன்று முள்கரண்டியை ஈட்டிபோல் பிடித்துக் குதிரையில் போய்க்கொண்டிருக்கும். ஆங்கிலேயர்களின் ஆர்தர் ராஜா கதையில், கல்லில் செருகிய வாளை எவன் உருவுகிறானோ அவனே அரசனாம். எங்கள் ஓட்டலில் உருவுகிறவருக்குக் காகிதக் கிரீடமும் ஓசிச் சாப்பாடும். தோற்றவருக்குக் கோமாளித் தொப்பி. எண்பதுகளின் நடுவில் அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

யார் அரசன் என்பதை மேனேஜர் முடிவு செய்வார். பாறைக்குப் பின்னால் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் என் கழுவு தொட்டி. அங்கிருந்து ஓர் இரும்பு ஆணி சுவரைத் துளைத்துப் போய் வாளை மாட்டிப் பிடித்திருக்கும். கல்லாவில் மணி அடித்தால் நான் ஆணியை இழுத்துவிட வேண்டும். வெள்ளைக்கார இஞ்சினியருக்கும், பிறந்தநாள் கொண்டாட வந்த பணக்காரப் பிள்ளைக்கும் மணி அடிக்கும். நம்மைப்போன்றவர்களுக்கு அடிக்காது. எனக்கும் அது ஆரம்பத்தில் தமாஷாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்காவின் கணவரை, என் மச்சானை, துபாய்க்கு வரவழைத்தவன் நான். அவர் கொத்தனார். வந்த எட்டாம் மாதம் அவருடைய கம்பெனி மூடிவிட்டது. மாதக் கடைசிக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் எங்கள் மேனேஜர் முன்னால் நிறுத்தினேன். சமையலறையில் ஓர் ஆள் தேவைப்படுகிற நேரம் வேறு. மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். “தல்வார் நிகாலோ, பாய்” என்றார். வாளை உருவினால் வேலையாம். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மணி அடிக்காமல் ஆணியைத் தொட்டால் இரண்டு பேருக்கும் ஒரே விமானம் என்றார்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் மச்சான் வந்தார். மத்தியானக் கூட்டத்துக்கு நடுவே, காலைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டாம் வாரம் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மேனேஜர் வாளை மட்டும் துடைக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கோமாளித் தொப்பியை மாட்டி, பொழுது சாயும்வரை வெயிலில் போர்டுக்குக் கீழே நிற்க வைத்தார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல குடும்பங்கள் உள்ளே வந்தன. போர்டு செய்யாத வேலையை மச்சான் செய்தார். எனக்கு மட்டும், “லேசா அசையுது மாப்ள. அடுத்த வாரம் வந்துரும் பாரு” என்பார்.

மூன்றாம் வெள்ளி மேனேஜர் கல்லாவில் இல்லை. யாரோ விருந்தாளியை வழியனுப்பப் போயிருந்தார். நான் ஆணியை இழுத்திருக்கலாம். ஆணி தானாகக் கழன்றுகொண்டது என்று சொல்லியிருந்தால் எவனும் மறுத்திருக்க முடியாது. விரல் ஆணி மேல்தான் இருந்தது. மச்சான் என்னைவிட நல்ல வேலைக்காரர், அவர் உள்ளே வந்தால் அடுத்து என்னைத்தான் அனுப்புவார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்தக் கேவலமான எண்ணத்தோடு, ஆணியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினேன். மறுவாரம் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் பதினொரு வருடம் இருந்தேன்.

போன வருடம் அக்காவின் காரியத்துக்குப் போயிருந்தபோது, எல்லோரும் படுத்த பிறகு, தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மச்சான் வெற்றிலை மடித்தபடி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

“தெரியும் மாப்ள. கொத்தனாருக்குப் பாறை எது, பூச்சு எதுன்னு தெரியாதா? மொத நாளே தட்டிப் பாத்தேன், உள்ள பொள்ளல். செவத்துக்கு அந்தப் பக்கம் நீதான் நிக்கிறன்னும் தெரியும்.”

“தெரிஞ்சுமா மூணு வாரம் இழுத்தீக?”

“நீ எடுத்து விட்ருவன்னு நெனச்சுத்தான் இழுத்தேன்.”